வராத எண்ணெயில் ஆறு லிட்டர்

சரசுவின் ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அப்படியிருக்க, அதில் ஆறு லிட்டரைக் காணோம் என்று ஒரு புதன்கிழமை அவளுக்கு நோட்டீஸ் வந்தது.

கொண்டுவந்தவர் நோட்டீஸைக் கடைக் கதவில் ஒட்டினார். கடை திறந்துதான் இருந்தது. சரசு உள்ளே ஒரு பெரியவருக்கு அரிசி நிறுத்துக்கொண்டிருந்தாள். கையில் கொடுத்தால் போதாதா என்று கேட்டாள். கையில் கொடுப்பது விதிப்படி இரண்டாவது வழி, முதல் வழி பலிக்காமல் போனால்தான் அதற்கு வரமுடியும் என்றார் அவர். கதவு திறந்திருந்ததால் நோட்டீஸ் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அவர் போனபின் சரசு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, தெருவில் நின்று அதைப் படித்தாள்.

மர்பி டவுனில் அந்தக் கடை அவள் புருஷன் முனிராஜ் பேரில் இருந்தது. அவர் இறந்து பதினோரு வருடம். உரிமம் அவள் பேருக்கு மாறியது. உரிமத்தோடு நாற்பத்து மூன்று நிபந்தனைகளும் மாறின. எண்ணெய் பீப்பாய் சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் மணல் நிரப்பிய வாளிகள் இரண்டு தொங்க வேண்டும். லிட்டர் குவளையும் அரை லிட்டர் குவளையும் வருடா வருடம் முத்திரை வாங்க வேண்டும். வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, அன்றைய எண்ணெய் இருப்பைத் தினமும் காலையில் சாக்பீஸால் எழுத வேண்டும்.

எண்ணெய் நின்றுபோனதற்கு உத்தரவு எதுவும் வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை, அவ்வளவுதான். உத்தரவு இல்லாததால் நிபந்தனைகள் மட்டும் அப்படியே இருந்தன. சரசு காலி பீப்பாய்க்கு வருடம் ஒருமுறை சிவப்புப் பெயிண்ட் அடித்தாள். காலிக் குவளைகளுக்கு முத்திரை வாங்கினாள். தினமும் காலையில் பலகையில் பூஜ்யம் எழுதினாள்.

போன வருடம் உரிமதாரர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. மண்ணெண்ணெயில் பிடிக்கும் தீயை அணைக்கும் முறையைச் செய்து காட்ட மண்ணெண்ணெய் வேண்டும். பயிற்சிக் கூடத்திலும் அது இல்லை. அதனால் பிரகாஷ் என்ற ஊழியரைத் தீயாக நிற்கச் சொன்னார்கள். அவர் கைகளை மேலே தூக்கி விரல்களை ஆட்டினார். பதினேழு கடைக்காரர்களும் வரிசையாக வந்து அவர்மேல் ஆளுக்கொரு வாளி மணல் போட்டார்கள். சரசு, பாவம் மனுஷன் என்று, காலடியில் போட்டாள். தீயை அலட்சியமாகக் கையாண்டதாக அவளுக்கு மட்டும் மறுபயிற்சி எழுதினார்கள்.

இதையெல்லாம் அவள் முணுமுணுக்காமல் செய்ததற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் உமேஷ், உரிமப் பிரிவின் இன்ஸ்பெக்டர். முனிராஜ் இறந்தபோது சுடுகாடு வரை வந்தவர். உரிமத்தை நாற்பதே நாளில் அவள் பேருக்கு மாற்றித் தந்து, அதற்கு ஒரு காப்பிகூட வாங்கிக் குடிக்காதவர். கன்னடக்காரர்; ஆனால் தமிழ் சரளமாகப் பேசுவார், அவளை அக்கா என்பார். மாதம் ஒருமுறை ஆய்வுக்கு வந்தால் அவள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். "ரூல்ஸ விடாம பிடிச்சிருங்கக்கா. சீமெண்ணெ திரும்ப வர்றப்ப உங்க கடைக்குத்தான் மொதல்ல" என்பார்.

இன்னொருத்தி அன்னம்மாள். கடைக்கு மூன்று வீடு தள்ளி ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். அல்சூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்கி விற்பவள். வீட்டுக்காரர் வாடகைப் பத்திரம் எழுதித் தரவில்லை. பத்திரம் இல்லாததால் கேஸ் இணைப்பு இல்லை. சின்ன சிலிண்டர் விலை அவளுக்குக் கட்டுப்படியாகாது. பம்ப் ஸ்டவ்வில் ஆக்கிக்கொண்டிருந்தவள், எண்ணெய் நின்றபின் உடைந்த பழப்பெட்டிகளை எரித்து ஆக்கினாள். அறைச் சுவர் கரியாகிவிட்டது என்று வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் கடை வாசலில் நின்று, "கிருஷ்ணாயில் வந்துச்சா சரசு?" என்று கேட்பாள்.

"வரும்க்கா. சொல்லியிருக்காங்க."

ஐந்து வருடமும் இதே கேள்வி, இதே பதில்.

ஆறு லிட்டர் விவகாரம் எங்கிருந்து வந்தது என்பது விசாரணையில்தான் தெரிந்தது. துணை இயக்குநர் சீனிவாசராகவன் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். சரசுவின் கடைப் பலகை. அவள் எழுதிய பூஜ்யத்தின் தலையில் முந்தானை உரசி, சாக்பீஸ் கோடு மேலே இழுபட்டிருந்தது.

"இது என்னம்மா?"

"பூஜ்யம் சார்."

"பூஜ்யத்துக்கு வால் கிடையாது. வால் இருந்தா அது ஆறு."

"சேலை பட்டுடுச்சு சார். அஞ்சு வருஷமா எண்ணெயே வரலியே, ஆறு லிட்டர் எப்படி சார் இருக்கும்?"

சீனிவாசராகவன் பொறுமைசாலி. முப்பத்து நான்கு வருட சர்வீஸில் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. "பாருங்கோம்மா, வரலேன்னு நீங்க சொல்றேள். வரலேன்னா, வராததுக்கு ஏதாவது ரசீது இருக்கா?"

"வராததுக்கு யாரு சார் ரசீது குடுப்பாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஆறுக்கு போட்டோ இருக்கு. உங்க பூஜ்யத்துக்கு என்ன இருக்கு?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்ணெய் வரலேன்னு நான் எழுதினா, அனுப்பலேன்னு டிபார்ட்மென்ட் ஒத்துண்ட மாதிரி ஆயிடும். அனுப்பித்துன்னு எழுதினா, எங்கே போச்சுன்னு கேள்வி வரும். ரெண்டும் எங்களுக்குக் கஷ்டம். காணாமப்போச்சுன்னா உங்களுக்கு மட்டுந்தான் கஷ்டம். ஆகக்கூடி யாருக்கும் தொந்தரவில்லாத முடிவு அதுதான். தப்பா எடுத்துக்காதீங்கோ."

மானிய எண்ணெயைப் பதுக்கினால் வழக்கு, கைது வரைக்கும் போகும் என்று நோட்டீஸின் கடைசிப் பத்தியில் இருந்தது. சரசு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். பத்தாம் நிமிடம் உமேஷ் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சும்னே பயப்படாதீங்கக்கா, நான் இருக்கறேன். இதுக்கு ஒரு தாரி இருக்கு."

வழி அவர் கையிலேயே இருந்தது. ஒரு கட்டுப் படிவங்கள், மாதத்துக்கு ஒன்றாக அறுபது. எல்லாம் ஆங்கிலத்தில். சரசுவுக்குத் தமிழும் கன்னடமும் எழுதப் படிக்கத் தெரியும். ஆங்கிலத்தில் தன் பேர் மட்டும் தெரியும்.

"இதுல என்ன சார் போட்டிருக்கு?"

"நில் ரிட்டர்ன். நில்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். அஞ்சு வருஷமா ஒண்ணுமில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா, ஆறு எங்கேருந்து வரும்? ஃபைல் குளோஸ்."

"முழுசா படிச்சு சொல்லுங்களேன்."

"அறுபதும் ஒண்ணேதான்க்கா." உமேஷ் சிரித்தார். "ஒண்ணுமே இல்லாததுக்கு என்ன பயம்?"

அவள் அறுபது கையெழுத்துப் போட்டாள். நாற்பதைத் தாண்டியபோது மணிக்கட்டு வலித்தது. உமேஷ் ஒவ்வொரு தாளாக எடுத்து மை காய ஊதினார். சொந்தத் தம்பி இருந்தால்கூட இப்படிச் செய்திருப்பானா என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

ஆறு லிட்டர் ஃபைல் மறுவாரமே மூடப்பட்டது. அதற்கடுத்த வாரம் உமேஷ் லட்டுப் பெட்டியோடு வந்தார். துறையின் சிறந்த உரிமதாரராகச் சரசுவைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அரங்கத்தில் ஆணையரே கையால் விருது தரப்போவதாகவும் சொன்னார்.

சரசுவுக்கு விருதைவிட ஆணையர்தான் பெரிதாகத் தெரிந்தார். போன வருடமே அவள் தெருக்காரர்களுக்காகக் கன்னடத்தில் ஒரு மனு எழுதி, நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வைத்திருந்தாள். எண்ணெய் வேண்டும், இல்லையென்றால் பத்திரம் கேட்காமல் கேஸாவது வேண்டும் என்று மனு. அதை அலுவலகத்தின் எந்த ஜன்னலிலும் வாங்கவில்லை.

"அவர் கையிலயே குடுக்கலாமா சார்?"

"குடுங்களேன்! மேடையிலயே குடுங்க, போட்டோவும் வரும். ஆமா, கார்டுகாரங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. திருப்தியா இருக்கறவங்களா பாத்து."

திருப்தியாக இருப்பவர் யாரும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. அன்னம்மாளைக் கூட்டிப்போனாள். அன்னம்மாள் அன்று சாப்பாடு ஆக்கவில்லை. ஒரு நாள் வியாபாரம் போனாலும் எண்ணெய் வருமென்றால் சரி என்றாள். இருவரும் அல்சூரில் மெட்ரோ ஏறினார்கள். மனு இருந்த உறையை அன்னம்மாள் கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அரங்கத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. மேடையில் சரசுவுக்கு மைசூர்ப் பேட்டா என்ற தலைப்பாகையை வைத்து, சால்வை போர்த்தி, பழக்கூடையைக் கையில் கொடுத்தார்கள். பேட்டா பெரியது, கண்வரை இறங்கியது. அதை ஒரு கையால் பிடித்தபடி நின்றாள். பிறகு ஆணையர் பேசினார்.

"ஒரு பற்றாக்குறையை இரண்டு வழிகளில் தீர்க்கலாம்" என்று தொடங்கினார். "பொருளை அனுப்பலாம். அல்லது தேவையை நீக்கலாம். பொருளை அனுப்புவது மாதாமாதம் செய்ய வேண்டிய வேலை. லாரி வேண்டும், ஆள் வேண்டும், அனுப்பினாலும் போதவில்லை என்பார்கள். தேவையை நீக்கிவிட்டால் ஒரே தடவையில் முடிந்தது. அதற்கு ஒரு கையெழுத்து போதும். நான் பொறுப்பேற்றபோது இந்த நகரத்தில் மண்ணெண்ணெய் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். கணக்கெடுக்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். கணக்கெடுத்தால்தானே அவர்கள் இருப்பார்கள் என்று சொல்லி அதை நிறுத்தினேன்."

கைத்தட்டல் எழுந்தது. அவர் திரையைக் காட்டினார்.

"இதோ, மர்பி டவுன் உரிமதாரர் தம் கைப்பட அளித்த சான்று. அறுபது மாதம். 'எனது கடையின் அட்டைதாரர்கள் எவருக்கும் மண்ணெண்ணெய் தேவையில்லை. ஒருவரும் கேட்கவில்லை.' ஒரு மாதமா, இரண்டு மாதமா? ஐந்து வருடம், ஒரு குடும்பம்கூட, ஒரு சொட்டுகூடக் கேட்கவில்லை! இதைவிட மனநிறைவான மக்களை நான் பார்த்ததில்லை."

திரையில் சரசுவின் கையெழுத்து ஆளுயரத்துக்கு இருந்தது. ஆணையர் கன்னடத்தில் பேசினார். மேடையிலிருந்த சரசுவுக்கும் அது புரிந்தது, மூன்றாம் வரிசையிலிருந்த அன்னம்மாளுக்கும் புரிந்தது. அன்னம்மாளுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, அந்தக் கையெழுத்தைத் தெரியும். அவள் ரேஷன் அட்டையில் பதினோரு வருடமாக விழுந்த கையெழுத்து.

சரசு மைக்கை நோக்கி ஓரடி வைத்தாள். "சார், அது அப்படியில்ல—" என்றாள். தொகுப்பாளினி அவளைத் தோளோடு அணைத்துக் கேமரா பக்கம் திருப்பினாள். அந்த நேரம் பார்த்து, முன்பே உமேஷ் சொல்லி வைத்தபடி, ஒருவர் அன்னம்மாளை மேடைக்கு அழைத்து வந்தார். அன்னம்மாள் உறையை நீட்டினாள். ஆணையர் உறையை வாங்கி, அதன் மேல் எழுதியிருந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, பிரிக்காமலே உயர்த்திக் காட்டினார்.

"நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்களின் நன்றிக் கடிதம்!"

இந்தக் கைத்தட்டல் முந்தையதைவிட நீண்டது. அது ஓய்ந்தபோது அவர் கடைசி அறிவிப்பைச் செய்தார். எண்ணெய் தேவையில்லாத இடத்தில் எண்ணெய் உரிமம் தேவையில்லை. உரிமத்தில் அரிசியும் எண்ணெயும் ஒன்றாகவே இருப்பதால் இந்தக் கடை இன்றோடு பெருமையுடன் நிறைவு பெறுகிறது. அட்டைகள் பக்கத்து வார்டுக் கடைக்கு மாற்றப்படும். சரசு பழக்கூடையோடு நின்றாள். பக்கத்தில் உமேஷ் ஒரு பாராட்டுச் சான்றிதழை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. பார்த்தார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

திரும்பும்போது மெட்ரோவில் இடம் நிறைய இருந்தது. அன்னம்மாள் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு ஸ்டேஷன் போனபின் சரசு எழுந்து அவளருகே போனாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. இங்லீஷ்ல இருந்துச்சு. உமேஷ் சார் ஒண்ணுமில்லன்னு சொன்னாரு, போட்டுட்டேன்."

அன்னம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். "மாசா மாசம் உன் கடை மிஷின்ல விரல் வெக்கறேன். என்ன வந்துச்சு, என்ன போச்சுன்னு அதுல காட்டும். எனக்குப் படிக்கத் தெரியுமா? நீ சரிங்கற, நான் வெக்கறேன். தினம் வந்து கேட்டேனே சரசு. ஒருத்தரும் கேக்கலைன்னு எழுதியிருக்கே."

சரசு நின்றுகொண்டே வந்தாள். அல்சூரில் அன்னம்மாள் முன்னால் இறங்கி, திரும்பாமல் நடந்தாள்.

மறுநாள் காலை தெருவுக்கே தெரிந்திருந்தது. ஐந்து வருடத்து எண்ணெயையும் சரசு வெளியே விற்றுவிட்டாள் என்று ஒரு பேச்சு. அதற்குக் கிடைத்ததுதான் அந்தச் சால்வை என்று இன்னொரு பேச்சு. யாரும் அவளிடம் சண்டைக்கு வரவில்லை. அவள் வந்தால் குழாயடியில் பேச்சு நின்றது, அவ்வளவுதான்.

உமேஷைத் தேடி அலுவலகத்துக்குப் போனாள். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்து வேறு அறைக்கு மாறியிருந்தார். அறை வாசலில் 'எரிபொருள் தேவையின்மைப் பிரிவு' என்று புதுப் பலகை. உமேஷ் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கக்கா, வாங்க. பேட்டா உங்களுக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா?"

"அதுல இருந்தது நில் இல்ல சார்."

"நில்தான். நில் டிமாண்ட்." அவர் குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை, புரியாத பிள்ளைக்கு விளக்குபவர் போலச் சொன்னார். "உங்களைக் காப்பாத்ததான் செஞ்சேன். இல்லன்னா ஆறு லிட்டருக்கு கேஸ் ஆயிருக்கும்."

"ஆறு லிட்டர் இல்லவே இல்லியே சார்!"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியணுமில்ல? ஆறு லிட்டர் இல்லன்னு காட்டணும்னா யாரும் கேக்கலைன்னு காட்டணும். மேல கேட்டாங்க, எந்த வார்டாவது தேவையே இல்லன்னு முடிச்சுத் தர முடியுமான்னு. ரெண்டும் ஒண்ணா சேந்துச்சு."

சரசு, "என் வீட்டுல உக்காந்து சாப்ட்டீங்களே" என்றாள். அதைச் சொல்ல வேண்டும் என்று வந்தவளில்லை. வாயில் வந்துவிட்டது.

உமேஷின் முகம் முதல்முறையாக வாடியது. "அந்த நன்றி எனக்கு இல்லாமலா? மத்த பதினாறு கடைக்கும் மூடச் சொல்லி வெறும் லெட்டர்தான் போச்சு. உங்களைத்தான் மேடையேத்தணும்னு நான் எவ்ளோ சண்டை போட்டேன் தெரியுமா? மனசு நோகுதுக்கா."

அவர் உண்மையிலேயே நொந்து போயிருந்தார். அதுதான் சரசுவால் தாங்கமுடியாததாக இருந்தது. எழுந்து சீனிவாசராகவன் அறைக்குப் போனாள். அந்த அறுபது கையெழுத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

"உரிமதாரர்தான் எடுத்துக்க முடியும். நீங்க இப்போ உரிமதாரர் இல்லையே" என்றார் அவர். "ஆனா வழி இல்லாம இல்லே. அந்தச் சான்று பொய்னு ஒரு அட்டைதாரர் புகார் கொடுக்கலாம். எனக்கு எண்ணெய் தேவை, இந்த உரிமதாரர் என்னை ஏமாத்திட்டார்னு எழுதணும். நிரூபணமானா, அந்த வார்டுல தேவை இருக்குன்னு நாங்க ஒத்துக்கறதைத் தவிர வேற வழியில்லே."

"யார் மேல புகார் சார்?"

"உங்க மேலதாம்மா. வேற யார் கையெழுத்துப் போட்டா?"

அன்று சாயங்காலம் சரசு அன்னம்மாள் வீட்டுக்குப் போனாள். வாசலுக்கு வெளியே, சந்தில், மூன்று செங்கல் வைத்து அன்னம்மாள் அடுப்பு மூட்டியிருந்தாள். உள்ளே ஆக்கினால் அன்றே சாமானை வெளியே வைத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சரசு நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"என் மேல புகார் எழுதிக் குடுக்கா. அப்பதான் எண்ணெய் வர வழியிருக்கும்."

அன்னம்மாள் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள். "உனக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகலாம்."

"எனக்கு எழுதத் தெரியாதே."

"நீ சொல்லு. நான் எழுதறேன்."

அப்படித்தான் சரசு தன் மீதான புகாரைத் தானே எழுத உட்கார்ந்தாள். ஒப்புக்கு நாலு வரி சொல்வாள் என்று நினைத்திருந்தாள். அன்னம்மாள் அடுப்பின் தீயைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"எழுது. சரசுங்கறவளை எனக்கு இருபது வருஷமா தெரியும். நல்லவ."

"நல்லவன்னு எல்லாம் எழுத வேணாம்க்கா."

"எழுது. அது இருந்தாத்தான் மத்தது வெளங்கும். தினம் காலைல போய்க் கேட்டேன். வரும்னு சொன்னா. நானும் இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பெட்டியை ஒடச்சு எரிச்சேன். எனக்கு மூச்சு முட்டுறது அவளுக்குத் தெரியும். ராத்திரி இருமுறது அவ வூட்டு வரைக்கும் கேக்கும். எழுதினியா? அவளுக்குப் படிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. அதனால அவளை நம்பினேன். அவ எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

சரசு கன்னடத்தில் மாற்றி எழுதிக்கொண்டே வந்தாள். நம்புவதற்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல்தான். அந்த இடத்தில் அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எழுதி முடித்து, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினாள். அன்னம்மாள் கவனமாகக் கேட்டாள். பிறகு கட்டைவிரலை மையில் தேய்த்து வைத்தாள். புகாரில் எங்கேயும் பொய் இல்லை. அதைத் தேடித்தான் சரசு வாசித்தாள்.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. தீர்ப்பை சீனிவாசராகவன் இருவரையும் உட்காரவைத்து, குரலை உயர்த்தாமல் படித்தார். புகார் முற்றிலும் உண்மை. மர்பி டவுனில் மண்ணெண்ணெய் தேவை உண்டு என்பதைத் துறை ஏற்கிறது. பொய்ச் சான்றளித்த உரிமதாரரின் உரிமம் ரத்து செய்யப்படுகிறது. அவரிடம் உரிமம் இல்லாததால், இந்த ரத்து அவர் இனிமேல் எப்போதாவது பெறக்கூடிய முதல் உரிமத்தின் மீது செல்லும். உரிமம் பெற்ற கடை இல்லாத பகுதிக்கு எண்ணெய் அனுப்ப விதியில் இடமில்லை.

"அப்ப கிருஷ்ணாயில் சாமி?" என்றாள் அன்னம்மாள்.

"உங்களுக்குத் தேவைன்னு நிரூபணமாயிடுத்தும்மா. எத்தனை பேருக்கு இது கிடைக்கும்? நீங்க ஜெயிச்சுட்டேள்." அவர் தீர்ப்பின் நகலை அவளிடம் நீட்டினார். "எண்ணெய் வர்றதுங்கறது வேற செக்‌ஷன்."

நீதி வென்றதைத் துறையின் அடுத்த மாதச் செய்தி மலரில் போட்டார்கள். உமேஷின் பிரிவு புகார்களைத் திறந்த மனதோடு ஏற்பதற்கு அது எடுத்துக்காட்டாம்.

அன்னம்மாளை வீட்டுக்காரர் காலி செய்ய வைத்தார். இரண்டு தெரு தள்ளி இன்னும் சின்ன அறை கிடைத்தது. அங்கே சந்தும் இல்லை. சாப்பாட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு, காலை ஐந்து மணி வேனில் வைட்ஃபீல்டுக்குப் போய் ஒரு கம்பெனியில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சரசு தையல் கடையில் காஜா எடுக்கப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பக்கத்து வார்டு ரேஷன் வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கும்படி ஆனது. கடைக்காரர் இருவருக்கும் புதியவர். வரிசை அரைமணி நேரமாக நகரவில்லை. அன்னம்மாள் முன்னால் இருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அந்தக் காகிதத்துல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்."

"என்னக்கா?"

"நீயா வந்து என் மேல எழுதுன்னு சொன்னே பாரு. அது."

"அதைச் சொல்லியிருந்தா கேஸைத் தள்ளியிருப்பாங்க."

"அதான் சொல்லலை" என்றாள் அன்னம்மாள். "உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே."

வரிசை நகர்ந்தது. அன்னம்மாள் மிஷினில் விரலை வைத்தாள்.